பேஸ்மென்ட்டின் கடைசிப் படி

போன மாதம் எங்கள் டவுன்ஷிப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊரிலுள்ள எல்லா வீடுகளையும் சொத்து வரிக்காக மறுமதிப்பீடு செய்யப் போகிறார்களாம். ஆனால் இந்த முறை யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். விமானத்திலிருந்து எடுத்த படம், தெருவிலிருந்து எடுத்த படம் இரண்டையும் வைத்துக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்தபடியே வேலையை முடித்துவிடுவார்கள். வீட்டுக்கு அடியிலுள்ள பேஸ்மென்ட்டில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் வீட்டுக்காரரே ஒரு படிவத்தில் டிக் செய்து அனுப்ப வேண்டும்.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவள் மேகன். நான் ரிட்டயர் ஆனபின் என் நாற்காலிக்கு வந்த பெண். அடுத்த வாரமே போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, முன்பு வீடு வீடாகப் போன காலத்து வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் எழுத முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஈரோட்டில் சிவில் டிப்ளமா படித்தபோது இரண்டாவது மாடி சாரத்தில் ஏறச் சொன்னதற்கு அழுதவள். கல்யாணமாகி நியூஜெர்சிக்கு வந்து, குழந்தைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் உரிமத் தேர்வு எழுதி, டவுன்ஷிப் வரி மதிப்பீட்டு அலுவலகத்தில் ஃபீல்டு இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். மேஜை வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். பத்தொன்பது வருஷம் முன்பின் தெரியாதவர்களின் பேஸ்மென்ட்டுகளுக்குள் தனியாக இறங்கி ஏறினேன். ஒருநாள்கூடப் பயமில்லாமல் இறங்கியதில்லை.

என் மேலதிகாரி வால்ட்டர். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பென்சில் இருக்கும், மூன்றும் ஒரே உயரம். என்னை முதல் வாரம் கூடவே அழைத்துப் போனார். மணியை ஒரு முறைதான் அடிப்பார். அடித்துவிட்டு மூன்றடி பின்வாங்கி, அடையாள அட்டை நெஞ்சுக்கு நேராகத் தெரியும்படி நிற்பார். உள்ளே கூப்பிட்டால் ஷூவுக்கு மேல் துணி உறை. தண்ணீர் கொடுத்தால்கூட வாங்க மாட்டார். மூடிய அறைக் கதவைத் தானாகத் திறக்க மாட்டார். வெளியே நாடா பிடித்து நான்கு பக்கமும் அளந்து, உள்ளே வந்து பாத்ரூம், சிங்க், அடுப்பு, கணப்பு எல்லாவற்றையும் எண்ணி, அந்த வீட்டுக்குரிய அட்டையில் குறிப்பார். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும்.

பேஸ்மென்ட்டுக்கு மட்டும் தனி விதி ஒன்று வைத்திருந்தார். கடைசிப் படியில் நிற்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டபடி பத்து எண்ண வேண்டும். அதன்பிறகுதான் சுவிட்சைத் தொடலாம், எதையும் எழுதலாம். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “எண்ணெய் டாங்க் ஒழுகும், சாக்கடை எதிர்த்து வரும், கேஸ் கசியும். கண்ணுக்குத் தெரியாததை முதலில் பார்த்துவிடு, மைதிலி” என்றார். வீட்டுக்காரர்கள் பின்னால் நின்று பார்க்கும்போது படியில் நின்று மோப்பம் பிடிப்பது எனக்குக் கூச்சமாக இருக்கும். நாலு எண்ணிவிட்டுப் பத்து என்று வைத்துக்கொள்வேன்.

இனி அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரின் மேற்கு எல்லையில் ஒரு சாலை. அதுதான் இரண்டு கவுன்ட்டிகளுக்கு, நம்மூர்க் கணக்கில் இரண்டு மாவட்டங்களுக்கு, எல்லை. ஒரே பில்டர், ஒரே வருஷம், ஒரே வரைபடத்தை வைத்து இரண்டு பக்கமும் வீடு கட்டினார். கிழக்குப் பக்கத்து வீடுகள் எங்களுடையவை, மேற்குப் பக்கத்தவை அடுத்த கவுன்ட்டியைச் சேர்ந்தவை. கதவின் நிறம்கூட ஒன்றுதான், ஆனால் வரி ஒன்றல்ல. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பங்கு, டவுனுக்கு ஒரு பங்கு, கவுன்ட்டிக்கு ஒரு பங்கு என்று பிரித்துப் போடும் வரியில் பள்ளிக்கூடப் பங்குதான் ஆளை விழுங்கும். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பேர் அதிகம், அதற்கேற்ற பில்லும் வரும்.

பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் போய் உட்கார்ந்தால் தெரியும். சொந்த ஊர் எது என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி, “உங்க டவுன்ல டேக்ஸ் எவ்ளோங்க?” என்பதுதான். டெக்சஸிலிருந்து வந்தவர், அங்கே சம்பளத்துக்கு ஸ்டேட் வரி இல்லை, எல்லாவற்றையும் வீட்டின் மேலேயே போட்டுவிடுகிறார்கள் என்று புலம்புவார். சான் ஹோசேயில் இருக்கும் என் நாத்தனார், முப்பது வருஷம் முன்னால் வீடு வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் பழைய விலைக்கே கட்டும் சொற்ப வரியைச் சொல்லி வயிறெரிவாள். என் வேலை என்னவென்று தெரிந்ததும் சாம்பார் வடையை மட்டும் பார்த்துச் சாப்பிடுவார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் எங்கள் ஊரில் முழு மறுமதிப்பீடு நடந்தது. அந்தச் சாலை என் பங்குக்கு வந்தது. ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அங்கே ஒரு வீட்டின் மணியை அடித்து, மூன்றடி பின்வாங்கி நின்றேன்.

கதவைத் திறந்தவள் ரேவதி. முப்பது வயது இருக்கும். அடையாள அட்டையில் என் பெயரைப் படித்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“ஆன்ட்டி, நீங்க தமிழா? அப்பாடா. உள்ள வாங்க. என் ஹஸ்பண்ட் செந்தில் மேல மீட்டிங்ல இருக்காரு. பாப்பா தூங்குறா.”

செந்தில் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். காதில் ஹெட்போன். கும்பிட்டான். அவன் கம்பெனியில் ஆட்குறைப்பு நடப்பதாக ரேவதி தானாகவே சொன்னாள். “எதிர் வீட்டைவிட வருஷத்துக்கு நாலாயிரம் டாலர் கூட கட்றோம் ஆன்ட்டி. அதே வீடு. ரோடுதான் நடுவுல. இதுக்கு மேல ஏறிச்சுன்னா வித்துட்டுப் போக வேண்டியதுதான்.” சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தன.

மேலே எல்லாம் எழுதி முடித்தேன். பேஸ்மென்ட் படியில் இறங்கினேன். விளக்குகள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தன. பெரிய ஹால், கார்ப்பெட் போட்டது. ஓரத்தில் பாத்ரூம். அந்தப் பாத்ரூம் சுவரை ஒட்டி ஒரு பூஜை இடம்.

இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை. அதன்மேல் அரக்குப் பட்டுப் புடவை விரித்து, முருகன், லட்சுமி, பெருமாள் படங்கள் அடுக்கி, சரம் போட்டு, வெள்ளி விளக்கு ஏற்றியிருந்தது. ஊதுபத்தி வேறு. ரேவதி படியிலேயே நின்றுவிட்டாள். “அது சாமி ரூம் ஆன்ட்டி” என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. வால்ட்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்களவர் வீட்டுப் பூஜை அறை என்று தெரிந்தால் உள்ளே கால் வைக்க மாட்டார். வாசலில் நின்று தலையை லேசாகக் குனிந்து, திரும்பிவிடுவார். அந்த மரியாதை எப்படியோ எங்கள் ஆட்களின் வாட்ஸாப் குழுக்களில் யோசனையாக மாறிப் பரவியிருந்தது. சாமி ரூம் என்று சொன்னால் கிட்ட வர மாட்டார்கள்.

அந்த இடத்தில் வேறு யார் இருந்தாலும் நம்பியிருப்பார்கள். ஆனால் சாமி படங்கள் தெற்கே பார்த்து இருந்தன. பின்னால் கக்கூஸ் சுவர். எந்த வீட்டில் அப்படி வைப்பார்கள்? புடவையின் முன்பக்கம் வரிசையாக ஐந்து இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அடுப்பின் திருகுகள். முன்பு இந்த வீட்டில் இருந்தவர்கள் பர்மிட் வாங்காமல் போட்ட இரண்டாவது சமையலறை. வறுப்பதும் பொரிப்பதும் கீழே இருந்தால் மேலே வீட்டில் வாடை பிடிக்காது என்று நம்மவர்கள் பாதிப் பேர் செய்வதுதான். ஆனால் எங்கள் அட்டையில் இரண்டாவது சமையலறை என்று ஏறினால் மதிப்பு ஏறும், இது ஒரு குடும்ப வீடா, இரண்டு குடும்ப வீடா என்ற கேள்வி வரும், கட்டட இலாகா வரும், அபராதமும் வரும்.

அங்கே நின்ற அந்த ஒரு நிமிஷத்தை இன்றைக்கும் என்னால் தாங்க முடிவதில்லை. எழுதினால் இந்தப் பெண் கதி என்ன? எழுதாவிட்டால் என் உத்தியோகம் என்ன ஆகும்? பயத்தில் நான் செய்தது இதுதான். பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொண்டேன். கடைசிப் படியில் நிற்கவில்லை, பத்தும் எண்ணவில்லை. ஒரு வாடை வந்தது. பெருங்காயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவ்வளவு நாள் கீழே தாளித்திருப்பார்கள், டப்பா எங்காவது ஒளித்து வைத்திருப்பார்கள், அதுதான். இரண்டாவது சமையலறை: இல்லை என்று டிக் செய்தேன். கையெழுத்தும் போட்டேன். படி ஏறத் தொடங்கினேன்.

ரேவதிக்கு உயிர் வந்தது போலிருந்தது. என் பின்னாலேயே பேசிக்கொண்டு வந்தாள்.

“ஒரு காபியாவது குடிச்சிட்டுப் போங்க ஆன்ட்டி. சாப்பிடச் சொல்லலாம்னா வீட்ல ஒண்ணுமே இல்ல. இன்ஸ்பெக்‌ஷன்னு சொன்னதுல இருந்து ரெண்டு நாளா அடுப்பே பத்த வைக்கல. ப்ரெட்டும் பீட்சாவும்தான். வீடு ஃப்ரெஷ்ஷா இருக்கட்டும்னு மசாலா டப்பா எல்லாத்தையும்கூட கார் ட்ரங்க்ல போட்டுட்டேன்.”

மூன்றாவது படியில் என் கால் நின்றுவிட்டது.

“பெருங்காயம்?”

“அதுவும் கார்லதான் ஆன்ட்டி. ஏன்? எங்களுக்கும் நேத்து ராத்திரியிலேர்ந்து அந்த வாடை அடிச்சிட்டேதான் இருக்கு. கார்ப்பெட்ல கொட்டியிருக்கும் போல.”

திரும்பிக் கடைசிப் படிக்கு இறங்கினேன். வாயை மூடினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஊதுபத்திக்கு அடியில் அது இருந்தது. பெருங்காயத்துக்கு எண்ணெயில் பொரிந்த ஒரு கனம் உண்டு. இது பச்சையாக, மெலிதாக, தொண்டையில் வந்து உட்கார்ந்தது. நாலு எண்ணும்போதே தெரிந்துவிட்டது. ஐந்தடி தூரத்தில் அடுப்பின்மேல் அந்த விளக்கு ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது.

“அடுப்பை நகர்த்தினீங்களா?”

ரேவதி முகம் வெளிறியது. “எந்த அடுப்பு...”

“அம்மா, எனக்குத் தெரியும். நகர்த்தினீங்களா?”

“பைப் தெரியுதுன்னு நேத்து செந்தில்தான் தள்ளி வெச்சாரு.”

“கேஸ் லீக் ஆகுது. குழந்தையைத் தூக்கு. ஒண்ணையும் தொடாத. ஓடு.”

அவள் ஓடினாள். நானும் ஓடினேன். போய் விளக்கை அணைத்திருக்கலாமே என்று பின்னால் பலர் கேட்டார்கள். என்னால் அந்தப் பக்கம் ஓரடி எடுத்துவைக்க முடியவில்லை. அதுதான் உண்மை. செந்தில் ஹெட்போனோடு வந்து என்ன என்ன என்றான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். குழந்தையை அணைத்துக்கொண்டு ரேவதி எப்போதும் வெளியே போகும் வழியில், கராஜ் பக்கம், ஓடினாள். அவள் கை சுவரிலிருந்த பொத்தானுக்குப் போனது. கராஜ் கதவைத் தூக்கும் மோட்டார் பொத்தான், அமுக்கினால் பொறி பறக்கலாம். நான் கத்தினேன்.

“அமுக்காத! முன் கதவு!”

வாசல் வழியாக வெளியே வந்து, சாலையைக் கடந்து எதிர் வீட்டின் முன் நின்றோம். ரேவதியும் செந்திலும் செருப்பில்லாத காலோடு சரளைக் கல்லில் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் தரையோடு தரையாக பேஸ்மென்ட் ஜன்னல் தெரிந்தது. அதற்குள் ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம்.

அவசர உதவிக்கு 911ஐக் கூப்பிட்டேன். விலாசத்தைச் சொன்னதும் போனை எடுத்த பெண் நிறுத்தினாள். போன் அடுத்த கவுன்ட்டிக்குப் போயிருந்தது. நான் நின்ற இடம் அவர்களுடையது, வீடு எங்களுடையது. மாற்றித் தருகிறேன், லைனில் இருங்கள் என்றாள். போனில் டிக் டிக் என்று ஒரு சத்தம். நான் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை அந்தச் சாலையை எத்தனையோ தடவை வரைபடத்தில் பார்த்திருக்கிறேன். அது இவ்வளவு அகலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

செந்தில் என் பக்கத்தில் வந்தான். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அவன் மெதுவாகக் கேட்டான்.

“ஆன்ட்டி, ஃபயர்காரங்க வந்தாலும், நீங்க அடுப்பை எழுத மாட்டீங்கல்ல?”

ரேவதி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்ததை நான் எழுத மாட்டேன்.

எங்கள் கவுன்ட்டி லைனில் வந்தது. தீயணைப்பு வண்டிகள் வந்தன. வெளியே மீட்டரில் கேஸை அடைத்துவிட்டு, கையில் கருவியோடு இரண்டு பேர் உள்ளே போனார்கள். அக்கம்பக்கத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் அணைந்தபோது ரேவதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே வந்தவர்களில் மூத்தவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுப்புக்குப் பின்னால் வளைந்த குழாயில் கசிந்த கேஸ் சுவருக்குள்ளும் சீலிங் பலகைக்கு மேலும் சேர்ந்துகொண்டிருந்ததாம். “கீழே இறங்கி வர ஆரம்பித்திருக்கும். அந்த விளக்கை யார் ஏற்றியது?” என்றார்.

என் காரில் உட்கார்ந்து அட்டையை எடுத்தேன். இல்லை என்ற கட்டத்தில் என் டிக் இருந்தது. அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். யாருக்கும் தெரியாது. கை அதற்குத்தான் போனது. பிறகு ஒரு கோடு போட்டு அடித்து, இனிஷியல் போட்டு, உண்டு என்று எழுதினேன்.

சாயங்காலம் வால்ட்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். அந்தக் கோட்டின்மேல் பென்சிலை வைத்தார். “பத்து எண்ணினாயா?” என்றார்.

“எண்ணவில்லை. பிறகுதான் எண்ணினேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மூன்று பென்சிலையும் எடுத்து மேஜையில் வைத்தார், திரும்ப எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். “நீயே ஃபைல் பண்ணு” என்று அட்டையைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த வாரத்திலிருந்து பூஜை அறை என்றால் அவரும் வாசலில் நின்றபடி ஒருமுறை ஆழ்ந்து மூச்சு இழுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

அபராதம் வந்தது, வரியும் ஏறியது. நான்காவது மாதம் அந்த வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டார்கள். கோயில் கேன்டீனில் என்னைப் பார்த்து ஒருவர், “தமிழ்க்காரங்கன்னு நம்பி உள்ள விட்டாங்க பாருங்க” என்று என் காதில் விழும்படியே சொன்னார். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனேன். அவரிடம் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? நான் காட்டிக் கொடுக்கப் போனவள் இல்லையே. முதலில் மறைக்கத்தான் பார்த்தேன். மறைத்துவிட்டு மூன்று படி ஏறியும் விட்டேன். அந்தப் பெண் மரியாதைக்காகக் காபி குடிக்கச் சொல்லாமல் இருந்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன்.

ரேவதி ஒரே ஒரு முறை போன் செய்தாள், டல்லாஸிலிருந்து. செந்திலுக்கு வேலை கிடைத்துவிட்டதாம், பாப்பா நடக்கிறாளாம். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஆன்ட்டி, பெல் அடிச்சப்புறம்தான் நான் அந்த விளக்கை ஏத்தினேன். தீப்பெட்டிய உரசி... ரெண்டு குச்சி அணைஞ்சுபோச்சு, மூணாவதுலதான் பத்திச்சு. இப்பவும் கனவுல உரசிட்டே இருக்கேன்” என்றாள். எனக்கும் கனவு வரும் என்று சொன்னேன். என் கனவில் நான் படியேறிக்கொண்டே இருப்பேன், திரும்ப மாட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

மேகன் அனுப்பிய படிவம் எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. நேற்று சாப்பாட்டு மேஜையில் வைத்து நிரப்பினேன். படுக்கையறை எத்தனை, பாத்ரூம் எத்தனை. பேஸ்மென்ட்டில் கூடுதல் சமையலறை: உண்டு, இல்லை. இல்லை என்பதில் பேனாவை வைத்தேன். மை இறங்கவில்லை. எழுந்து கீழே போனேன்.

“லைட்டைக்கூடப் போடாம அங்க என்ன பண்ற?” என்று மேலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார்.

வாய் மூடியிருந்தது. கடைசிப் படியில் நின்று பத்து வரை முழுசாக எண்ணினேன். எந்த வாடையும் இல்லை. ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டுச் சாம்பாரில் பெருங்காயம் கிடையாது. அவர் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. அந்த வாடை இந்த வீட்டில் என்றைக்காவது வந்தால், பெருங்காயமாக இருக்கும் என்று நான் நினைத்துவிடக் கூடாது.

மேலே ஏறி வந்து டிக் செய்தேன்.